உடம்பு எங்கே இருந்தது?

என் மடிக்கணினியில் 'தம்பி எங்கே' என்ற பெயரில் ஒரு எக்செல் தாள் இருக்கிறது. 2020 ஜூலையில் தொடங்கியது. முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் செமஸ்டர், மூன்றாவதில் ஊர். கிட்டத்தட்ட ஒன்றரை வருடத்துக்கு அந்த மூன்றாவது பத்தியில் ஒரே பெயர்தான்: பாகான் டாலாம், பாகான் டாலாம், பாகான் டாலாம். மலேசியாவில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீடு இருக்கும் இடம் அது. அவன் படித்ததோ கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக் கல்லூரியில்.

நான் பட்டர்வொர்த்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கிளார்க். காலையில் போய் உட்கார்ந்தால் கே1 என்ற சுங்க இறக்குமதிப் பாரம், பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீது, கப்பல் எப்போது வருகிறது, கண்டெய்னரை எப்போது வெளியே எடுக்க வேண்டும், ஒரு நாள் பிந்தினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் எவ்வளவு என்று பொழுது போகும். அதனால் கனடா குடிநுழைவுத் துறையின் விதிகளை முதல்முறை படித்தபோது எனக்கு அவ்வளவாக மிரட்சி இல்லை. அவர்களும் எங்கள் சுங்க அதிகாரி கேட்பதைத்தான் கேட்கிறார்கள். எந்தத் தேதியில், எங்கே இருந்தது?

இதை எழுதக் காரணம், போன மாதம் என் அத்தை மகளுக்கும் கனடா வேலை பெர்மிட் வந்துவிட்டது. தம்பிக்கு வந்ததும் அவளுக்கு வந்ததும் ஒரே பெர்மிட்தான். ஆனால் நீளம் வேறு. "உன் தம்பிக்கு மட்டும் எப்படி முழுசா கொடுத்தாங்க?" என்று அத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தொலைபேசியில் மூன்று முறை விளக்கிவிட்டேன். நாலாவது முறைக்கு இது.

தம்பி செபராங் பிறை பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடம் இருந்தான். பிறகு கனடா ஆசை. கணினி நெட்வொர்க்கில் இரண்டு வருட டிப்ளோமா, 2020 செப்டம்பரில் தொடக்கம். அப்பா ஊழியர் சேமநிதியின் இரண்டாவது கணக்கிலிருந்து படிப்புக்கென்று எடுத்துக் கொடுத்தார். அப்போது ஒரு கனடா டாலர் மூன்று ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் மேலே. எல்லாம் தயாரான நேரத்தில் மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கைரேகை எடுக்கும் மையம் மூடியிருந்தது. கல்லூரி, "வகுப்பு இயங்கலையில் நடக்கும், வீட்டிலிருந்தே தொடங்குங்கள்" என்று எழுதியது.

"கட்டணத்தில் ஒரு காசு குறைப்பார்களா?" என்று அப்பா கேட்டார். குறைக்கவில்லை.

ஒன்டாரியோவுக்கும் நமக்கும் கோடைகாலத்தில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 என்றால் இங்கே இரவு 9, முள்ளை நகர்த்தவே வேண்டாம். இது சுலபமாக இருக்கிறதே என்று நினைத்தோம். நவம்பர் முதல் தேதி அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். தம்பிக்கு அது தெரியாது. மறுநாள் இரவு 9 மணிக்குச் சட்டை மாற்றி, தலைவாரி, யாருமில்லாத திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். லைன் போய்விட்டதென்று நினைத்து ரவுட்டரை நாலு தடவை அணைத்துப் போட்டான். அந்த ரவுட்டர் சாமி அலமாரிக்கு மேலே இருந்தது. நாலு தடவையும் அம்மா, "விளக்கு எரியுதுடா, பாத்து" என்றார்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 14. முதல் நாள் இரவு 10 மணிக்கு அவனுக்குப் பரீட்சை. முடித்துவிட்டு அதைத் தொடர்ந்து ஒரு லேப், ரவுட்டரும் சுவிட்சும் திரையில் படங்களாக. நள்ளிரவு 1 மணிக்கு எழுந்தான். 4 மணிக்கு அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார். அந்த மூன்று மணி நேரத்தில் தூங்குவதா வேண்டாமா என்று யோசித்தே மூன்று மணி நேரமும் போய்விட்டது அவனுக்கு. எதிர்வீட்டு அக்கா அவன் ராத்திரியில் ஆங்கிலம் பேசுவதைக் கேட்டுவிட்டு, பையன் கால் சென்டரில் சேர்ந்துவிட்டான் என்று கீழ்மாடி முழுக்கச் சொல்லியிருந்தார். நாங்கள் திருத்தவில்லை. கனடாவில் படிக்கிறான், ஆனால் பாகான் டாலாமில் இருக்கிறான் என்று சொன்னால் அதை விளக்க வேறு உட்கார வேண்டும்.

இப்படி ஒரு செமஸ்டர் ஓடிய பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. இந்த ராத்திரிகளெல்லாம் கணக்கில் சேருமா?

கனடாவில் படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு வேலை பெர்மிட் உண்டு. பி.ஜி.டபிள்யூ.பி. என்பார்கள். வாழ்க்கையில் ஒரு முறைதான் கிடைக்கும். குறைந்தது 8 மாதப் படிப்பு இருக்க வேண்டும். 8 மாதத்துக்கு மேல் 2 வருடத்துக்குள் என்றால், முதுகலைப் படிப்புகளைத் தவிர மற்றவற்றுக்கு, படிப்பு எவ்வளவு நீளமோ பெர்மிட்டும் அவ்வளவு நீளம். 2 வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் 3 வருடம். அந்த பெர்மிட்டில் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். அங்கே ஒரு வருடம் திறன் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அனுபவம் கூடக் கூடப் புள்ளியும் கூடும். ஆகவே இந்த பெர்மிட்டில் ஒவ்வொரு மாதமும் காசு மாதிரி. பலர் கனடாவில் படிப்பதே படிப்புக்காக இல்லை, இதற்காகத்தான். சொல்ல வெட்கப்படுவார்கள், நான் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண காலத்து விதி என்னவென்றால், படிப்பில் பாதியாவது கனடா மண்ணில் நடந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இயங்கலையில் படித்த காலத்தை பெர்மிட் நீளத்திலிருந்து கழித்துவிடுவார்கள். கொரோனாவில் இதைத் தளர்த்தினார்கள். 2021 பிப்ரவரியில் வந்த அறிவிப்பில் ஒரு படி மேலே போய், முழுப் படிப்பையும் வெளிநாட்டிலிருந்தே முடித்தாலும் பெர்மிட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். 2021 டிசம்பர் 31 வரை வெளியே படித்த காலம் கழிக்கப்படாது என்றார்கள். பிறகு அந்தத் தேதியை 2022 ஆகஸ்ட் 31-க்குத் தள்ளினார்கள். அப்புறம் 2023 ஆகஸ்ட் 31-க்கு. ஆனால் கடைசியாகத் தள்ளும்போது கூடவே ஒரு வரி சேர்ந்தது: 2022 செப்டம்பர் 1 முதல் படிப்பைத் தொடங்குகிறவர்களுக்குப் பழையபடி பாதி கனடாவில் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு வெளியே இருந்து படிக்கும் காலம், எப்போது தொடங்கியவராக இருந்தாலும் சரி, கழிக்கப்படும்.

இந்தக் கடைசி வரியைத்தான் எங்கள் அத்தை வீட்டில் யாரும் படிக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

இன்னொன்றும் இருந்தது, அது பலருக்குக் கண்ணில் படவே இல்லை. ஸ்டடி பெர்மிட்டுக்கு, அதாவது அங்கே படிப்பதற்கான அனுமதிக்கு, விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் படித்த காலம் கணக்கில் வராது. தம்பியின் நண்பர்கள் சிலர், "முதல்ல வகுப்பைத் தொடங்கு, மையம் திறந்த பிறகு பெர்மிட் போடலாம்" என்றார்கள். நான் விடவில்லை. பாரம் உள்ளே போகாமல் சரக்கை நகர்த்துகிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. 2020 ஜூலையில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அந்த ரசீதை எக்செல் தாளின் முதல் வரியாக ஏற்றினேன். கைரேகை மட்டும் பாக்கி. மாநிலம் கடக்க வழிவிட்ட ஒரு சமயம் பார்த்து, இ.டி.எஸ். ரயிலில் கோலாலம்பூருக்குப் போய்க் கொடுத்துவிட்டு, சென்ட்ரலில் ஆளுக்கொரு தோசை சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பினோம்.

2021 நடுவில் ஸ்டடி பெர்மிட் ஒப்புதல் வந்தது. செப்டம்பரில் கிளம்ப வேண்டியவன், அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததால் நின்றுவிட்டான். மூன்றாவது செமஸ்டரும் பாகான் டாலாம். 2022 ஜனவரியில்தான் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஏற்றிவிட்டோம். நாலு செமஸ்டரில் ஒன்றை மட்டும் அவன் அந்த ஊர்க் குளிரில் படித்தான். சாதாரண காலமாக இருந்தால் வேலை பெர்மிட்டே கிடையாது. நாலில் ஒன்று பாதியாகுமா? ஆனால் அவன் தொடங்கியது 2020, முடித்தது 2022 ஏப்ரல். தளர்வுக்குள் கச்சிதமாக விழுந்தான். முழு 3 வருடம். அதில் அவன் திறமையும் இல்லை, என் திறமையும் இல்லை. தேதி.

கல்லூரி முடித்ததற்கான கடிதம் வந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் வேலை பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 255 கனடா டாலர். 155 பெர்மிட்டுக்கு, 100 எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் உரிமைக்கு. ஜூனில் போட்டோம். மார்க்குப் பட்டியல், முடித்த கடிதம், கூடவே நான் எழுதிய ஒரு பக்க விளக்கம்: எந்த செமஸ்டர் எந்த ஊரிலிருந்து, எந்த அறிவிப்பின் கீழ், விமானச் சீட்டு இணைப்பு. பெருமையாக இருந்தது. ஒரு கமா விடவில்லை.

செப்டம்பரில் பெர்மிட் வந்தது. தம்பி வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினான். நான் முடியும் தேதியைப் பார்த்தேன். 2024 மார்ச்.

மூன்று வருடம் எங்கே? ஒன்றரை வருடம்தான் இருக்கிறது. கழித்துவிட்டார்கள் என்று நினைத்து அன்று இரவு சாப்பிடவில்லை. அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன், மேல்முறையீடு எப்படி எழுதுவது என்று பார்த்தேன். விடியற்காலையில்தான் தம்பி தன் கடப்பிதழைத் திறந்து பார்த்துவிட்டுக் குரல் செய்தி அனுப்பினான். "அக்கா, பாஸ்போர்ட் முடியிற தேதி பாருலா."

2024 மார்ச்.

மலேசியக் கடப்பிதழுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள். அவன் எடுத்தது 2019-இல், தாய்லாந்துக்கு ஹாட்யாய் போவதற்காக. கடப்பிதழ் முடியும் தேதியைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள். பெர்மிட் நீளம் குறையவில்லை, கடப்பிதழ் சுவரில் முட்டி நின்றுவிட்டது. இரண்டு வருடமாக எந்த நாள் எங்கே இருந்தான் என்று வரிவரியாக எழுதிய நான், காலாவதித் தேதிக்கு ஒரு பத்தி போடவில்லை. உணவுச் சரக்கில் முதலில் பார்ப்பது அதைத்தானே! அலுவலகத்தில் இதைச் சொன்னதற்கு என் சூப்பர்வைசர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, இது சரிசெய்யக் கூடியதுதான். கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டு, மிச்சக் காலத்துக்கு நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மற்றதெல்லாம் இணையத்தில் போகிறது, இது மட்டும் காகிதத்தில், தபாலில். தம்பி ஒட்டாவாவில் இருக்கும் நம் தூதரகத்துக்குப் பேருந்து ஏறினான். பிப்ரவரி மாதம். வேலையில் ஒரு நாள் விடுப்பு, போக வர ஒரு நாள், அப்புறம் பதிலுக்குக் காத்திருந்த மாதங்கள். 2025 செப்டம்பர் வரை கிடைத்தது. ஜூன் மாதம் விண்ணப்பிப்பதற்கு முன்னால் புதுப்பித்திருந்தால் இத்தனையும் மிச்சம். இங்கே பட்டர்வொர்த்திலேயே, கிளம்பும் முன், 200 ரிங்கிட்டில் முடிந்திருக்கும் வேலை.

இப்போது அத்தை மகள்.

அவள் வீடு பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில். 2023-இல் இரண்டு வருட டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்தது. வகுப்பு செப்டம்பரில். விசா வரவில்லை. கல்லூரி, முதல் செமஸ்டரை இயங்கலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. தீவில் இருக்கும் ஒரு ஏஜென்ட், "தாராளமா படிங்க, மூணு வருஷம் பெர்மிட் எங்கேயும் போகாது, போன தடவை எல்லாருக்கும் கொடுத்தாங்களே" என்றிருக்கிறார். எங்கள் வீட்டு உதாரணத்தையே எடுத்து அத்தையிடம் நீட்டியிருக்கிறார். தம்பிக்குப் பெர்மிட் வந்தபோது அத்தை கோயிலில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார், அது சுற்றி அவரிடமே வந்துவிட்டது.

என்னிடம் கேட்டது டிசம்பரில். அதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டது.

தகுதிக்கு ஆபத்து இல்லை. நாலில் மூன்று செமஸ்டர் அங்கேதான் படிக்கப் போகிறாள், பாதிக்கு மேலே. ஆனால் 2023 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அவள் உடம்பு ஜெலுத்தோங்கில் இருந்தது. அந்த நாலு மாதம் கழியும். நான் சொன்னபோது அவள் அழவில்லை, கணக்குக் கேட்டாள். அது எனக்குப் பிடித்தது. இருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளியிருந்தால் பெர்மிட் முழுசாக 3 வருடம், ஆனால் படிப்பு அவ்வளவு தாமதமாக முடியும். இப்போது படிப்பு சீக்கிரம் முடிகிறது, பெர்மிட் கொஞ்சம் குட்டை. நாலு மாத வீட்டு வாடகை மிச்சம். நஷ்டம் என்றால் வேலை அனுபவத்துக்குக் கிடைக்கும் மாதங்களில்தான். தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். தெரியாமல் எடுக்க வைத்ததுதான் கோபம்.

அவள் முடிப்பதற்குள் விதி மறுபடி நகர்ந்தது. 2024 நவம்பர் 1 முதல் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மொழித் தேர்வு முடிவும் காட்ட வேண்டும். கனடாவின் மொழி அளவுகோலில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு நிலை 7, கல்லூரி டிப்ளோமாக்காரர்களுக்கு நிலை 5. தம்பிக்கு இது இருந்ததே இல்லை. "என்கிட்டதான் ஐ.இ.எல்.டி.எஸ். இருக்கே" என்றாள். இருந்தது, கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதிய அகாடமிக் வகை. இதற்கு ஜெனரல் வகைதான் செல்லும், அல்லது செல்பிப், பி.டி.இ. கோர் என்ற வேறு ஆங்கிலத் தேர்வுகள். அதுவும் இரண்டு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். இரண்டு வருடம் ஆங்கிலத்தில் படித்து, அசைன்மென்ட் எழுதி, தேர்வாகி வந்தவள், தனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க மறுபடி காசு கட்டி எழுதினாள். இதற்கு நியாயம் கேட்டால் என்னிடம் இல்லை.

கல்லூரி டிப்ளோமாவில் எந்தத் துறை என்பதும் இப்போது பார்க்கிறார்கள். ஆனால் அது அதே 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு. அவள் முன்னாலேயே போட்டிருந்ததால் தப்பித்தாள். இங்கேயும் திறமை இல்லை, தேதிதான்.

கடப்பிதழை? ஜனவரியில் விமானம் ஏறுவதற்கு முன்னால் நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் புதுப்பிக்க வைத்தேன். இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது, அத்தைக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் நின்றார், பாவம்.

போன மாதம் வந்த பெர்மிட்டில் அவளுக்கு இரண்டு வருடமும் எட்டு மாதமும். கணக்கு அப்படியே. அத்தைக்குத்தான் ஆறவில்லை.

ஒரு சின்ன விஷயம், கேட்டவர்களுக்காக. இதெல்லாம் கனடா கதை. ஆஸ்திரேலியாவில் படிப்புக்குப் பிந்தைய விசாவுக்கு, குறைந்தது 16 மாதம் அந்த நாட்டிலேயே இருந்து படித்திருக்க வேண்டும் என்று வேறு மாதிரிக் கணக்கு. 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலோருக்கு 35 வயது வரம்பும் சேர்ந்திருக்கிறது. ஒரு நாட்டு விதியை இன்னொரு நாட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒரே நாட்டிலேயே தம்பி விதி அத்தை மகளுக்குப் பொருந்தவில்லை.

நேற்று எங்கள் அலுவலகத்துப் பாதுகாவலர் அண்ணன் கேட் பக்கத்தில் நிறுத்தினார். அவர் மகனுக்குக் கனடாவில் இடம் கிடைத்திருக்கிறதாம். "முதல் செமஸ்டர் வீட்டுலயே படிச்சிக்கலாம்னு சொல்றாங்கம்மா, ரூம் வாடகை மிச்சம். நல்லதுதானே?" என்றார்.

"ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பம் எப்போ போட்டீங்க? வகுப்பு எப்போ தொடங்குது? பையனோட பாஸ்போர்ட் எப்போ முடியுது?" என்று கேட்டேன்.

மூன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. மகனைக் கூப்பிட்டு என்னிடம் பேசச் சொல்லியிருக்கிறார். எக்செல் தாளில் புதிதாக ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் பத்தி கடப்பிதழ்.